அஞ்சாலை ஏன் வாயைத் திறக்கிறது?

உப்புநீர் மீன் விற்கும் கடைகளில் கூட்டம் அதிகம் நிற்பது அஞ்சாலை இருக்கும் தொட்டியின் முன்னால்தான். தப்புத் தப்பான சங்கதிகள் அதிகம் பேசப்படுவதும் அங்கேதான். நம் கடற்கரையில் அஞ்சாலை என்றால் தெரியும். கடைக்காரர்கள் ‘மொரே ஈல்’ என்பார்கள். பாம்பு, விஷம், கரண்ட் அடிக்கும், விரலைத் துண்டாக்கும் என்பது ஒரு தரப்பு. எதைப் போட்டாலும் தின்னும், லேசில் சாகாது, சின்னத் தொட்டியே போதும் என்பது இன்னொரு தரப்பு. முதல் தரப்புப் பேச்சால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. இரண்டாவதை நம்பி வாங்கிப் போகிறவர்கள் வீட்டில்தான் அஞ்சாலைகள் செத்துப் போகின்றன. எனக்கு ஆற்றாமையே அதுதான். முறையாக வளர்த்தால் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய மீன், வாங்கிய சில மாதங்களிலேயே குப்பைக்குப் போவதற்கு எந்த நியாயமும் இல்லை.

“வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, கடிக்கப் பார்க்கிறது”

கடிக்கப் பார்க்கவில்லை, மூச்சு விடுகிறது. சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அப்படித் தூக்கிப் பார்க்க அஞ்சாலையிடம் அகலமான செவுள் மூடி கிடையாது. தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன வட்டத் துளைகள் மட்டுமே உண்டு. மற்ற மீன்கள் செவுள் மூடியை அசைத்துத் தண்ணீரை இழுக்கின்றன; அஞ்சாலையோ அந்த வேலையின் பெரும்பகுதியை வாயாலேயே செய்தாக வேண்டும். அதனால்தான் பல்லைக் காட்டிக்கொண்டு, நிதானமாக, ஒரே தாளத்தில் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. பார்க்கிற நமக்கு அது உறுமுவது போலத் தோன்றுகிறது.

வளர்ப்பவர்கள் இந்த வாயசைவைத் தினமும் கவனிக்கப் பழக வேண்டும். தாளம் வேகமாகிவிட்டாலோ, வாய் வழக்கத்தைவிட அகலமாகத் திறந்தாலோ, தலையைத் தண்ணீர் மட்டத்தருகே வைத்துக்கொண்டு கிடந்தாலோ, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று முதலில் சந்தேகப்படுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் வைத்த தொட்டி 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். அஞ்சாலைக்கு 24 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதி இல்லை என்றால் கோடையில் உப்புநீர்த் தொட்டியே வேண்டாம் என்பது என் கருத்து. ஐஸ் பாக்கெட் மிதக்கவிட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்து மீன் தளர்ந்து போகிறது. மின்வெட்டு வந்தால் ஓட பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். புயல் மாதங்களில் அதன் அருமை தெரியும்.

“பாம்பு இனம், கரண்ட் அடிக்கும்”

இரண்டும் இல்லை. அஞ்சாலை முழுக்க முழுக்க மீன், செவுளால்தான் சுவாசிக்கிறது. கடற்பாம்புக்கு நுரையீரல் உண்டு, மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும், உடம்பில் செதில் இருக்கும், வால் துடுப்பு போலத் தட்டையாக இருக்கும். அஞ்சாலையின் தோலில் செதிலே கிடையாது, வழுவழுப்பான கோழைதான் அதற்குக் கவசம். மின்சாரம் பாய்ச்சுவது தென்னமெரிக்க நன்னீர் ஆறுகளில் வாழும் வேறொரு மீன். அதற்கு ஈல் என்று பேர் விழுந்துவிட்டதே தவிர, உறவுமுறையில் அது கெளுத்திகளுக்குத்தான் பக்கம்.

“கையைப் பார்த்தாலே பாயும்”

இந்தப் பயத்துக்கு வயது ஈராயிரம். ரோமானியப் பணக்காரர்கள் கடலோர மாளிகைகளில் குளம் வெட்டி அஞ்சாலை வளர்த்தார்கள். வேடியஸ் பொல்லியோ என்பவன், பளிங்குக் கிண்ணத்தை உடைத்த அடிமையைத் தன் அஞ்சாலைக் குளத்தில் எறியச் சொன்னதாகவும், விருந்துக்கு வந்திருந்த அகஸ்டஸ் பேரரசர் அவனை விடுவித்து, மிச்சமிருந்த கிண்ணங்களையும் உடைக்கச் சொல்லி, குளத்தையே தூர்க்க வைத்ததாகவும் செனெகா எழுதியிருக்கிறார். அதே ரோமில் தன் செல்ல அஞ்சாலைக்குத் தோடு போட்டு அழகு பார்த்த அம்மையாரைப் பற்றி பிளினி சொல்கிறார். பயங்கரத்துக்கும் செல்லத்துக்கும் நடுவில் அந்த மீன் அன்றைக்கே மாட்டிக்கொண்டது.

உண்மையில் அது கூச்ச சுபாவம் கொண்டது. பகலெல்லாம் பாறை இடுக்கில் உடம்பை நுழைத்துத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். துணை சேர்ந்து வேட்டையாடவும் அதற்குத் தெரியும். செங்கடலில் களவா இன மீன் ஒன்று அஞ்சாலை இருக்கும் பொந்துக்கு முன்னால் போய்த் தலையை ஆட்டி அழைக்க, இரண்டும் சேர்ந்து வேட்டைக்குப் போவதை ரெதுவான் பிஷாரியும் குழுவினரும் 2006-இல் விவரமாக எழுதினார்கள். களவா வெளியில் துரத்தும், அஞ்சாலை இடுக்குக்குள் புகுந்து தேடும்.

அப்படியானால் கடியே கிடையாதா? உண்டு. கடிப்பது பெரும்பாலும் தீனி போடும் கையைத்தான். அஞ்சாலைக்குப் பார்வை மங்கல், மோப்பம் கூர்மை. மூக்கு நுனியில் சிறு குழாய்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் நாசிகளால் அது உலகை அறிகிறது. இறாலை விரலில் பிடித்துக்கொண்டு நீட்டினால், இறால் எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. தாய்லாந்தின் சிமிலான் தீவுகளில், பழகிய பெரிய அஞ்சாலைக்குக் கையால் சாசேஜ் ஊட்டிய முக்குளிப்பாளர் ஒருவர் கட்டைவிரலையே இழந்தார். அவருடைய கால்விரலை எடுத்துத்தான் கையில் பொருத்த வேண்டி வந்தது. அந்த மீனிடம் கோபமோ வஞ்சமோ இல்லை. வாசனை வந்த இடத்தில் கவ்வியது, அவ்வளவுதான்.

கவ்விய பிறகு ஏன் விடுவதில்லை என்பதற்கு விடை 2007-இல் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெய்ன்ரைட்டும் அதிவேகக் கேமராவில் அஞ்சாலை தின்பதைப் படம் பிடித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். வாயிலுள்ள தாடை இரையைக் கவ்வியதும், தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை முன்னால் பாய்ந்து வந்து, கொக்கிப் பற்களால் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. பெரும்பாலான மீன்கள் வாயை விரித்து இரையை நீரோடு உறிஞ்சிவிடும். குறுகிய பொந்துக்குள் ஒடுங்கிய தலையோடு வாழும் அஞ்சாலையால் அப்படி உறிஞ்ச முடியாது. அதற்கு இயற்கை கொடுத்த மாற்று இது.

கடித்துவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், உள்நோக்கி வளைந்த பற்கள் சதையைக் கிழித்துவிடும். கடிக்கிற பல்லால் பாம்பைப் போல விஷம் ஏற்றுவதில்லை. ஆனாலும் கடல் பாக்டீரியாக்களால் காயம் சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம். நன்றாகக் கழுவிவிட்டு, சின்னக் காயம்தானே என்று இருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இதெல்லாம் வராமல் இருக்க வழி எளிது: ஒரு அடிக்கு மேல் நீளமுள்ள பிளாஸ்டிக் இடுக்கியோ, முனை மழுங்கிய குச்சியோ வைத்துத் தீனி கொடுங்கள். இறால் உரித்த கையைக் கழுவாமல் தொட்டிக்குள் விடாதீர்கள்.

“உயிருள்ள கோல்டு ஃபிஷ் போட்டால் நன்றாக வளரும்”

நான் இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று வேட்டையைப் பார்க்கும் ஆசையில் பலர் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கோல்டு ஃபிஷ்ஷை வாங்கி உப்புநீரில் விடுகிறார்கள். அந்த மீன் உப்பில் துடித்துச் சாவது ஒரு கொடுமை. தின்கிற அஞ்சாலைக்கும் அது கெடுதல். கோல்டு ஃபிஷ், கெண்டை இனங்களின் உடம்பில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். தொடர்ந்து இதையே தின்னும் மீன் நாளடைவில் பி1 பற்றாக்குறை வந்து, பசி போய், உடம்பு நிலை தடுமாறி, வலிப்பு கண்டு சாகும். ஃப்ரீசரில் வைத்தாலும் இந்த நொதி அழியாது. கடல் மீனின் உடம்புக்கு நன்னீர் மீனின் கொழுப்பும் ஒத்துவராது. போதாததற்கு, உயிருள்ள இரையைத் துரத்திப் பழகிய அஞ்சாலை, தொட்டியில் கூட இருக்கும் மற்ற மீன்களையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கும்.

நம் சந்தையிலேயே நல்ல தீனி கிடைக்கிறது. இறால், கணவாய், நண்டுச் சதை, முள் நீக்கிய கடல் மீன் துண்டு எதுவானாலும் சரி. உப்பும் மஞ்சளும் தடவாததாக, பச்சையாக, புதியதாக வாங்கி, கழுவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீசரில் போடுங்கள். எடுத்து, முழுதாக உருகவிட்டு, மீனின் வாய்க்கு அடங்கும் துண்டாக நறுக்கிக் கொடுங்கள். எது ஒன்றையும் வாரம் முழுக்கப் போட வேண்டாம். நெத்திலி, மத்தி குடும்பத்து மீன்கள் பலவற்றிலும் சில சிப்பிகளிலும்கூடத் தயமினேஸ் உண்டு. மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். வைட்டமின் சொட்டு மருந்தில் ஊறவைத்தும் கொடுக்கலாம்.

பல்லைப் பார்த்தும் தீனியை முடிவு செய்யலாம். கடைகளில் அதிகம் கிடைக்கும் ஸ்னோஃப்ளேக் ஈலுக்கும், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஜீப்ரா ஈலுக்கும் பற்கள் மழுங்கலானவை. நண்டு ஓட்டை நொறுக்கித் தின்ன ஏற்றவை. அவற்றுக்கு ஓட்டோடு கூடிய இறாலும் நண்டும் இஷ்டம். ஊசி போன்ற பற்கள் கொண்ட வகைகள் மீன், கணவாய் பிடித்துத் தின்பவை. மழுங்கல் பல் வகையை மற்ற மீன்களோடு விடலாம் என்பார்கள். ஓரளவு சரிதான். ஆனால் இரவில் தூங்கும் சின்ன மீனுக்கு அங்கே உத்தரவாதம் கிடையாது. இறால், நண்டுக்கு அறவே கிடையாது.

தீனி கொடுக்கும் நேரத்தில் சற்றுப் பொறுமையாக நின்று பாருங்கள். அந்தி சாயட்டும், விளக்கைக் குறையுங்கள், அலை எழுப்பும் பம்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வாசனை தொட்டி முழுக்கச் சிதறி மீன் திசை தெரியாமல் தேடும். கணவாய்த் துண்டைப் பொந்து வாசலுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் நாசிக் குழாய்கள் விறைக்கும். பிறகு தலை இடமும் வலமுமாக அசைந்து, துண்டைத் தாண்டிக்கூடப் போய்த் திரும்பும். கண்ணெதிரே இருப்பதை அது காணாது. மூக்கு நுனி தொடும் தூரம் வந்ததும் சட்டென்று ஒரு கவ்வல். துண்டு பெரிதாக இருந்தால் வாலில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைத் தலைவரை உருட்டிக்கொண்டு வந்து, அதை முட்டுக்கொடுத்து இரையைப் பிய்க்கும். பார்க்க அருமையாக இருக்கும். பார்ப்பதற்காகவே பெரிய துண்டு போடாதீர்கள். மிச்சத்தைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

“தினமும் போடணும், பட்டினி கிடந்தால் செத்துடும்”

வளர்ந்த அஞ்சாலைக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வேளை போதும். தினமும் போட்டால் கொழுப்பேறும், தண்ணீரும் கெடும். புதிதாக வாங்கி வந்தது இரண்டு வாரம்கூட எதையும் தொடாமல் இருக்கும். அந்த நாட்களில் பதறிப்போய் மருந்து ஊற்றுவதும், பாறையைக் கலைத்து மீனைத் தேடுவதும், வாயருகே குச்சியால் குத்துவதும்தான் அதை மேலும் மிரட்டுகின்றன. ஒளிய இடம் கொடுத்து விட்டுவிடுங்கள். நாலைந்து நாளுக்கு ஒரு முறை, மாலையில், ஒரு துண்டை நீட்டிப் பாருங்கள். தண்ணீர் சரியாக இருந்து, உடம்பு ஒட்டிப் போகாமல் இருந்தால் பொறுக்கலாம். முதுகு கத்தி போலக் கூர்ந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரியத் தொடங்கினால் அது வேறு விஷயம், அனுபவசாலி யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும். செம்பு கலந்த மருந்துகளைச் செதில் இல்லாத மீனுக்குத் தவிர்ப்பதே நல்லது.

“மீன்தானே, தண்ணீரை விட்டு எங்கே போகும்?”

மூடியின் இடுக்கு வழியே போகும். அஞ்சாலை சாவதற்குத் தவறான தீனிக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான்: காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். வயர் நுழைய விட்ட ஓட்டை, ஃபில்டர் குழாய்ப் பக்கத்து இடைவெளி, தீனி போட்டுவிட்டுச் சரியாக மூடாத கண்ணாடி எதுவானாலும் போதும். தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். இந்த மீன்கள் நீரை விட்டு வெளியே வருவது விபத்து என்று நினைத்தால் தவறு. ரீட்டா மேத்தாவும் கைல் டோனஹோவும் ஸ்னோஃப்ளேக் ஈல்களைப் பழக்கி, சரிவான மேடையில் தண்ணீருக்கு மேலே வைத்த கணவாய்த் துண்டை எடுக்க வைத்தார்கள். உறிஞ்ச நீர் தேவைப்படாத அந்த இரண்டாவது தாடை இருப்பதால், அவை தரையிலேயே இரையை விழுங்கியதை 2021-இல் வெளியிட்டார்கள். கடலில் நீர் வற்றும் நேரத்தில் பாறை மேல் ஏறி நண்டு பிடிக்கும் பழக்கம் உள்ள மீனுக்கு உங்கள் தொட்டியின் விளிம்பு ஒரு தடையே இல்லை. எல்லா இடுக்கையும் வலையாலோ ஸ்பாஞ்சாலோ அடையுங்கள். மூடி மேல் கனமாக எதையாவது வையுங்கள்.

“கல் உப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் தயார்”

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் தவறு என்று சொன்னால் புரியும். பாத்தியில் நீர் சுண்டும்போது சோடியம் குளோரைடு படிகமாகிறது. மெக்னீசியம், பொட்டாசியம் உப்புகளில் பெரும்பகுதி மிச்சமாகும் கசப்பு நீரில் தங்கி, வெளியேற்றப்பட்டுவிடுகிறது. ஆகவே கல் உப்பில் இருப்பது கடலின் ஒரு பகுதிதான். அதைக் கரைத்தால் கரிக்குமே தவிர கடலாகாது. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையை ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைத்து, ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரை வருகிறதா என்று பாருங்கள். நகரக் கடற்கரையில் குடத்தில் மொண்டு வருவதும் வேண்டாம். கழிவுநீர் எங்கெங்கே கலக்கிறது என்று நமக்கே தெரியும்.

இன்னொன்று. ‘உயிர்ப் பாறை’ என்று மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த பவளக் கல்லை யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அஞ்சாலைக்குப் பவளம் தேவையில்லை. பி.வி.சி. குழாயைத் துண்டு போட்டு வைத்தால் அதில் சொகுசாகக் கிடக்கும். கனமான பாறை வைப்பதென்றால் முதலில் கண்ணாடித் தரையில் பாறையை உட்காரவைத்து, அப்புறம் மணலைக் கொட்டுங்கள். மணலைத் தோண்டும் மீன், மணல் மேல் வைத்த பாறையைத் தன் தலையிலேயே சாய்த்துக்கொள்ளும்.

“தொட்டி அளவுக்குத்தான் வளரும்”

வளரும், தொட்டியில் இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஸ்னோஃப்ளேக் 60 சென்டிமீட்டரைத் தாண்டும். அதற்கு நாலடி நீளத்தில் சுமார் 300 லிட்டர் தொட்டி வேண்டும், புலால் தின்னும் மீன் என்பதால் கழிவை நுரையாக்கி அகற்றும் நல்ல ஸ்கிம்மரும் வேண்டும். ஜீப்ரா ஒன்றரை மீட்டர் வரை போகும். ராட்சத அஞ்சாலை மூன்று மீட்டர், 30 கிலோ. அதன் குட்டியை யாராவது விற்றால் வாங்குவதற்கு முன் உங்கள் வரவேற்பறையை அளந்து பாருங்கள். ‘நல்ல தண்ணீர் மொரே’ என்று விற்கப்படுவது கங்கை முகத்துவாரம் போன்ற கழிமுகங்களில் வாழும் மீன். சாதாரணத் தண்ணீரில் சில காலம் தாக்குப்பிடிக்கும், பிறகு தீனியை விட்டு நலிந்துபோகும். அதற்கும் உப்பு வேண்டும்.

“ரிப்பன் ஈல்தான் அழகு, முதலில் அதை வாங்கலாம்”

அழகுதான், மறுக்கவில்லை. இளமையில் கறுப்பு, ஆண் வளர்ந்ததும் நீலத்தில் மஞ்சள் துடுப்பு, பெண் மஞ்சள். ஆனால் வீட்டுத் தொட்டியில் தின்ன மறுத்துப் பட்டினி கிடந்தே சாகும் அஞ்சாலைகளில் இதற்குத்தான் முதலிடம். விற்பனைக்கு வரும் அஞ்சாலைகள் ஏறக்குறைய எல்லாமே கடலில் பிடித்தவை. முட்டையிலிருந்து வருவது இலை போலத் தட்டையான, கண்ணாடி போன்ற குஞ்சு. அது மாதக்கணக்கில் திறந்த கடலில் மிதந்து திரிவதால் பண்ணையில் வளர்த்தெடுப்பது மிகக் கடினம். நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் பதிலாக இன்னொன்று கடலிலிருந்து பிடிக்கப்படும்.

சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளிலோ வேறெங்கோ, எந்த வகை அஞ்சாலையை வாங்கப் போனாலும் காசை எடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: “அண்ணே, ஒரு இறால் துண்டு போட்டுக் காட்டுங்க.” நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார், எந்தக் கிழமை தீனி வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வார். மீன் தின்னவில்லை என்றால் அடுத்த வாரம் வந்து மறுபடி பாருங்கள். அப்போதும் தின்னவில்லை என்றால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.